மாற்றாமல் விட்ட முகம்

மினோவா சோகிச்சி டோக்கியோவிலிருந்து திரும்பி முதல்முறை எங்கள் குளியல்கூடத்துக்கு வந்தபோது, வெந்நீர்த் தொட்டியில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அவன் மேல் டர்பன்டைன் வாடை அடித்தது. நகக்கண்களில் நீலம் ஏறியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"சட்டம் படிக்கப் போனவன் நகத்துல ஏன்டா இவ்வளவு நீலம்?" என்று கடைசியாக எழுந்த மீன் தரகர் கேட்டார்.

"கடல் நீலம்," என்றான் சோகிச்சி.

"நம்ம கடலு கையில ஒட்டாதே! பொறந்ததுலேருந்து அதுலதானே கைய விட்டுக்கிட்டிருக்கேன்."

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே, தடுப்பை ஒட்டிய உயரமான இருக்கையில் உட்கார்ந்து காசு வாங்குவது என் வேலை. என் பெயர் தோமெ. சோகிச்சியும் நானும் ஒனோமிச்சியின் ஒரே சரிவுத் தெருவில் ஆண் பெண் பேதமில்லாமல் சேர்ந்து ஓடி விளையாடியவர்கள். அவன் வீட்டில் அரிசிக் காடி காய்ச்சினார்கள். துறைமுகத்தில் கால் வைத்ததும் மூக்கில் ஏறுவது அந்தப் புளித்த வாசனைதான். இரண்டாவது மகன் வக்கீலாகிவிட்டால் வழக்குச் செலவு மிச்சம் என்று அவன் அப்பா கணக்குப் போட்டிருந்தார். மகனோ டோக்கியோவில் மேல்நாட்டு முறையில் எண்ணெய் வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பெட்டி நிறைய வண்ணக் குழாய்களோடு வந்து இறங்கினான்.

அப்பா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் காடி ஜாடிகளை அவன் வரைந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல மூணாவது ஜாடி கசியுதா என்ன?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் நிஜமாகவே கசிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு கிடங்கின் மாடியை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

ஷினோ பக்கத்து ஊர்க்காரி. பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியை. உயரமான உடம்பு, நீண்ட கழுத்து; வாய்விட்டுச் சிரிக்கும்போது மட்டும் பல்லை மறைக்கக் கையை உயர்த்துவாள். அவள் தைத்த கிமோனோவைப் பிரித்தால்தான் தையல் எங்கே இருந்தது என்று தெரியும் என்பார்கள். சோகிச்சி அவளைப் படகுத்துறையில் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "அந்தக் கழுத்து யாரோடது?" என்று கேட்டான்.

"கழுத்துக்கு மேல தலையும் உண்டு, சின்ன முதலாளி. அதுகிட்டதான் நீ பேசணும்," என்றேன்.

பேசினான். கல்யாணம் ஆயிற்று. படம் வரைகிறவனுக்குச் சம்பளம் வாங்குகிற மனைவியாவது அமைந்தாளே என்று அப்பாவும் சந்தோஷப்பட்டார். அந்த வருஷங்களில் அவர்கள் இருவரும் ஒன்றாகவே குளிக்க வருவார்கள். குளித்து முடித்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் இருமுவான். இந்தப் பக்கத்திலிருந்து அவள் இருமுவாள். சேர்ந்து கிளம்பி மேடேறிப் போவார்கள். ஊரே கேலி செய்தது. அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் டோக்கியோவில் அரசாங்கம் நடத்திய கண்காட்சிக்கு அவன் படம் அனுப்புவான். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும். துறை வரைந்தான், தோணிகளை வரைந்தான், ஆரஞ்சுத் தோப்பு வரைந்தான். எல்லாம் வந்த வண்டியிலேயே திரும்பின. கடைசியில் அவனுடைய பழைய ஆசிரியர் ஒருவர் உண்மையைச் சொன்னார்: மேல்நாட்டு முறையில் வரைகிறவனை மனித உடம்பை வைத்துத்தான் எடை போடுவார்கள், ஆடையில்லாத உடம்பை வரையாதவனை நடுவர்கள் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

டோக்கியோவில் அப்படி உட்காருவதற்குக் கூலிக்குப் பெண்கள் கிடைப்பார்கள். ஒனோமிச்சியில் யார் உட்காருவார்கள்? சோகிச்சி என் இருக்கைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"தோமெ, உன் வாடிக்கைல யாராவது…"

"யாராவது?"

"சும்மா உக்காந்தாப் போதும். இங்க எப்படி இருக்காங்களோ அப்படி."

கையில் இருந்த மரச் செம்பை எடுத்து அவன்மேல் எறிந்தேன். தோளில் பட்டது. பெண்கள் பக்கத்தில் எல்லாம் கேட்டிருக்கும். ஷினோவின் சிரிப்புச் சத்தம்தான் முதலில் வந்தது.

கடைசியில் அவளே உட்கார்ந்தாள். அவன் கெஞ்சினானா, அவளாகச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள் என்பது தெரியும். அவளே என்னிடம் சொன்னாள். "உடம்பு யாரோடதா வேணா இருக்கலாம், அக்கா. எல்லாருக்கும் இருக்கிறதுதானே. முகம் மட்டும் என்னோடதா இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். பள்ளிக்கூடத்துல நான் பொண்ணுங்க முன்னாடி நிக்கணும்." அவன் சத்தியம் செய்து கொடுத்தானாம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும், பள்ளி விட்டதும் அவள் கிடங்கு மாடிக்குப் போவாள். கரி அடுப்பு ஒரு பக்கத்தைச் சுடும், மறுபக்கம் விறைத்துப்போகும். இடது தோள் சிவந்து, வலது தோள் நீலம்பாரித்து எங்களிடம் குளிக்க வருவாள். "என்னைப் பாதி வறுத்த மீனாக்கிட்டாரு," என்பாள். ஆனால் முகத்தில் வருத்தம் இருக்காது. ஒரு பெரிய காரியத்தில் தனக்கும் பங்கிருக்கிறது என்ற பெருமிதம்தான் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டும் பெண், அவளுக்குப் பின்னால் ஜலசந்தி. அதுதான் படம்.

கோடையில் படம் முடிந்தது. சொன்னபடி, புத்தகத்தில் இருந்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதில் வைத்திருந்தான். ஷினோவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"யாரிந்தம்மா? என் கழுத்து மேல வந்து உக்காந்திருக்கு," என்று கேட்டு, கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு நிம்மதி.

அவனுக்கு நிம்மதியில்லை. அந்த முகத்தை வைத்ததும் படம் செத்துவிட்டது என்று வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னான். தோள் ஒன்று சொல்கிறது, முகம் வேறொன்று சொல்கிறது. அனுப்பவேண்டிய நாள் நெருங்கியது. ஷினோ பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் கத்தியால் அந்தப் பிரெஞ்சுக்காரியைச் சுரண்டி எடுத்தான். அடியில் முதலில் தீட்டியிருந்த ஷினோவின் முகத்தை நினைவிலிருந்தே மீட்டான். அரை நாளில் முடிந்துவிட்டதாம். வாழ்நாளில் கை அவ்வளவு லேசாக ஓடியதில்லையாம். வண்ணம் காய்ந்ததும் காயாததுமாகப் பெட்டியில் வைத்து ஆணியடித்து ரயிலேற்றிவிட்டான். அவளிடம் சொல்லவில்லை.

படம் தேர்வானது மட்டுமல்ல, பரிசும் வாங்கியது. தந்தி வந்த அன்று காடிக்காரர் வீட்டில் சிவப்புப் பயறு போட்டுச் சோறாக்கித் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். அப்பா தந்தியைத் தலைகீழாகப் பிடித்தபடி எல்லோரிடமும் காட்டினார். ஷினோ புதுக் கிமோனோ உடுத்தி வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து வணங்கினாள். அவள் அவ்வளவு அழகாக இருந்து அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை.

அந்த மகிழ்ச்சி அதிக நாள் நிற்கவில்லை. கஜிட்டானி என்ற எங்கள் ஊர்க் கப்பல் முதலாளி வியாபார வேலையாக டோக்கியோ போனவர், கண்காட்சியையும் எட்டிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து விருந்தொன்றில், "நம்ம தையல் டீச்சரம்மா அங்க எவ்வளவு லட்சணமா இருக்காங்க தெரியுமா!" என்று மனதாரப் பாராட்டினார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அவரே பிறகு அந்தப் படத்தை வாங்கித் தன் டோக்கியோ வீட்டில் மாட்டினார். ஆனால் மறுநாள் மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அன்று ஷினோ வழக்கம்போலக் குளிக்க வந்தாள். பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. மீன் தரகர் மனைவி ஒரிக்குதான் ஆரம்பித்தாள்.

"தள்ளி உக்காருங்கடி, டோக்கியோ பிரபலம் வந்திருக்காங்க."

"என்ன அக்கா, பரிசைச் சொல்றீங்களா?"

"பரிசைத்தான் சொல்றேன். ஆம்பளைங்க வரிசைல நின்னு காசு குடுத்துப் பாக்கறாங்களாமே. நாங்க இத்தனை வருஷமா ஓசில பாத்துட்டோமே, அதுக்குச் சேர்த்துத் தந்துடணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தினமும் ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிடுகிற பெண்கள்தான். ஷினோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "முகமும் உன்னோடதுதானாம், ஷினோ," என்றேன்.

அவள் உடனே எழவில்லை. வாளியில் நீர் மொண்டு தோளில் ஊற்றிக்கொண்டாள். துண்டைப் பிழிந்தாள். பிறகு ஒரிக்குவைப் பார்த்து, "பாத்தவங்க யாரும் எனக்கு முதுகு தேய்க்க வரப் போறதில்ல, அக்கா. நீங்க தேய்ச்சு விடுங்க," என்று முதுகைத் திருப்பிக் காட்டினாள். ஒரிக்கு தேய்த்துவிட்டாள். சிரிப்பு அடங்கியது. ஆனால் உடையணிந்து வெளியே போகும்போது கிமோனோவின் கச்சையைக் கட்ட ஷினோவுக்குக் கை வரவில்லை. நான் இறங்கிப்போய்க் கட்டிவிட்டேன்.

வீட்டில் நடந்ததைச் சோகிச்சி என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான்.

"முகத்தை மாத்துறேன்னு சொன்னீங்களே."

"மாத்தினேன், ஷினோ. நீயும் பாத்தியே. படம் செத்துப்போச்சு."

"செத்தா இன்னொண்ணு வரைஞ்சிருக்கலாம். உங்களுக்கு வரையறதுதானே வேலை."

"இந்த மாதிரி ஒண்ணு இனிமே வராது."

"அதை என்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாளாம். "கேட்டிருந்தா ஒருவேளை சரின்னுகூடச் சொல்லியிருப்பேன்."

பள்ளியில் திட்டவில்லை. தலைமை ஆசிரியை தேநீர் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார். அந்த ஓய்வு பிறகு முடியவேயில்லை. ஷினோ வீட்டிலேயே தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அவளிடம் படித்த பெண்கள் கல்யாணக் கிமோனோவுக்குத் துணியை வேலைக்காரி கையில் கொடுத்தனுப்பினார்கள், தாங்களாக வரவில்லை. குளிக்கவும் கூட்டம் சேர்வதற்கு முன், மதியம் திறந்ததுமே வந்து போய்விடுவாள். அவளுக்காக நான் கொஞ்சம் முன்னதாகவே தண்ணீர் காய வைக்கப் பழகிக்கொண்டேன்.

சோகிச்சியை பாரிஸுக்கு அனுப்பிவைக்கக் கஜிட்டானி முன்வந்தார். போகட்டுமா என்று அவன் ஷினோவிடம் கேட்டான். "இதைக் கேக்கறீங்களே," என்றாள். அவ்வளவுதான். கப்பலேற்றிவிட கோபே வரை போனாள். கையசைத்தாளா என்று நான் கேட்டதற்கு, "மழை பெய்துச்சு, குடையைப் பிடிச்சிருந்தேன்," என்றாள்.

ஐரோப்பாவில் போர் மூண்டபோதுதான் அவன் திரும்பினான். தாடி வைத்திருந்தான். முதல் வேளை வீட்டு மிசோ சூப்பைக் குடித்துவிட்டு அழுதானாம். கொண்டுவந்த படங்களில் சாம்பல் நிறத் தெருக்கள், பாலங்கள், காப்பிக் கடை நாற்காலிகள். எல்லாம் கைதேர்ந்த வேலை. ஆனால் அந்த வருஷம் பாரிஸிலிருந்து திரும்பிய ஜப்பானிய ஓவியர்கள் எல்லோரும் அதே தெருக்களைத்தான் வரைந்து கொண்டுவந்திருந்தார்கள். டோக்கியோ விமர்சகர்கள், நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தத் தலை துவட்டும் பெண்ணைப் போல இன்னொன்று எங்கே என்று எழுதினார்கள்.

அவன் அவளிடம் போய் நின்றான். உடையோடு உட்கார்ந்தால் போதும், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் போதும், ஊசி கோத்துக்கொண்டிருந்தால் போதும் என்றான்.

"மாட்டேன்," என்றாள். கோபமாக அல்ல, இன்றைக்கு மீன் வேண்டாம் என்று சொல்வதைப் போல.

ஒசாகாவிலிருந்து கூலிக்குப் பெண்களை வரவழைத்து வரைந்தான். அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டது ஷினோதான். குளிர் தாங்காமல் இருமியவளுக்கு இஞ்சி தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்ததும் அவள்தான். அந்தப் படங்களில் எதுவும் பரிசு வாங்கவில்லை, சில நுழையவுமில்லை. கடைசியில் ஆண்கள் பள்ளியில் சித்திர வாத்தியார் வேலைக்குப் போனான். மீதி நேரத்தில் ஜலசந்தியையும் கோயில் கோபுரத்தையும் விடுதிக்காரர்கள் கேட்ட அளவில் வரைந்து கொடுத்தான். பெண்கள் பள்ளி வாசலைத் தாண்டிப் போகும்போது மட்டும் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடப்பான். நானே பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு வருஷத்தில் ஷினோ அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அவள் பார்த்தது பிரெஞ்சுக்காரியின் முகத்தோடு இருந்ததைத்தான். டோக்கியோ போவோம், கஜிட்டானி வீட்டில் கேட்டால் காட்டுவார்கள் என்று அவன் சிலமுறை அழைத்தும் அவள் கிளம்பவில்லை.

பிறகு டோக்கியோவே பற்றியெரிந்த அந்தப் பெரிய பூகம்பம் வந்தது. கஜிட்டானியின் வீட்டாட்கள் பிழைத்தார்கள், வீடு மிஞ்சவில்லை. செய்தி தெரிந்த அன்று சோகிச்சி வெந்நீர்த் தொட்டியில் இறங்கியவன் வெளியே வரவேயில்லை. விரலெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. "எழுந்து வா, மயக்கம் போட்டுடுவே," என்று இருக்கையிலிருந்து குரல் கொடுத்தேன்.

"தோமெ, அது ஒண்ணுதான் நான் நல்லா செஞ்சது," என்றான்.

ஊரில் ஷினோவுக்கு இனி நிம்மதி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் மதியம் வந்தவளிடம், "போகட்டும் விடு, ஒரு பாரம் குறைஞ்சது," என்று சொல்லிவைத்தேன்.

அவள் வெகுநேரம் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். "போய் ஒரு தரம் பாத்துட்டு வந்திருக்கலாம், அக்கா," என்றாள். "அத்தனை பேர் பாத்தாங்க. நல்லா இருந்துச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியல. வீம்பு பண்ணிட்டேன்."

அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் அவளுக்கு நெஞ்சுச்சளி விடாமல் பிடித்துக்கொண்டது. தையல் குறைந்தது. ஒரு வசந்தத்தில், செர்ரிப் பூ உதிரும் சமயம், அவளே அவனிடம், "இப்ப வேணா வரைங்க," என்று சொன்னாள். அவன் அன்றே படச் சட்டத்தை நிறுத்தினானாம். கருநீலக் கிமோனோவில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்தேன்: அவன் வைப்பான், சுரண்டுவான், மறுபடி வைப்பான். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் படத்தைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி அவள் பார்ப்பாள். இந்த முறை எதையும் மறைக்க விடவில்லை.

"மூக்கு பெருசாயிடுச்சு," என்றாள் ஒருநாள்.

"உன் மூக்கு அப்படித்தான்."

"அந்தப் படத்துலயும் இப்படியா?"

அவன் தூரிகையைத் துணியில் துடைத்தான். பிறகு இருவருமே சிரித்துவிட்டார்கள். அவள் கையை உயர்த்தி வாயை மறைக்கவில்லை. மறைக்கக் கையில் தெம்பில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அவள் போய்ச் சேர்ந்தாள். படம் முடிந்திருந்தது. அதை நல்ல படம் என்று சொல்லமாட்டேன். முதல் படத்தை நான் பார்த்ததில்லை, ஒப்பிட என்னால் முடியாது. ஆனால் இந்தப் படத்தில் வரைந்தவனின் அச்சம் தெரிந்தது. எங்கே தவறிவிடுமோ என்று ஒவ்வொரு இடத்திலும் தயங்கியிருந்தான். அவனுக்கும் அது தெரியும். எந்தக் கண்காட்சிக்கும் அனுப்பவில்லை.

சோகிச்சி அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தான். குளிக்க வந்தால் தொட்டியில் தனியாக உட்கார்ந்து பேசுவான். ஒருநாள், "அன்னிக்குப் பிரெஞ்சுக்காரி முகத்தோடவே அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டான்.

"பரிசு வந்திருக்காது."

"வந்திருக்காது. பாரிஸும் கிடையாது. இதே வாத்தியார் வேலைக்குத்தான் போயிருப்பேன்." முகத்தில் நீரை அள்ளி ஊற்றிக்கொண்டு, "அவளும் பள்ளிக்கூடம் போயிருப்பா. ரெண்டு பேரும் காலைல சேர்ந்து கிளம்பியிருப்போம்," என்றான்.

தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டேன். போதும் என்றான்.

அவன் இறந்த பிறகு ஊர் மன்றத்தில் அவன் படங்களை வைத்து ஒரு நாள் அஞ்சலி நடத்தினார்கள். ஒசாகாவிலிருந்து வந்த பேச்சாளர் எரிந்துபோன அந்தப் படத்தைப் பற்றியே பேசினார். கருநீலக் கிமோனோ படம் ஓரமாகத் தொங்கியது. தலை நரைத்த சில பெண்கள் அதன் முன் நின்று, டீச்சர் இவ்வளவு மெலிந்துபோயிருந்தாரா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் உடுத்தியிருந்த கிமோனோக்களில் சில அவள் கையால் தைத்தவை. அவள் உயிரோடு இருந்தபோது அவர்களில் ஒருத்தியும் அவள் வீட்டுப் படி ஏறியதில்லை.

மேட்டுக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் ஷினோவுக்குப் பக்கத்தில் அவனுக்கும் கல் நாட்டினார்கள். காடிக்கடையை இப்போது நடத்தும் அண்ணன் மகன், கல்லில் பெயருக்கு மேல் 'மேல்நாட்டு முறை ஓவியர்' என்று செதுக்கச் சொன்னான். சித்தி கல்லிலும் 'தையல் ஆசிரியை' என்று போடேன் என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதெல்லாம் யாரு பாட்டி கல்லுல போடுறா?" என்று சிரித்தான்.

கல்தச்சர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அவள் கல்லில் பெயர் மட்டும்தான் இருக்கிறது.